இருபதாவது அலறல்

"வீ...ல்ல்ல்!"

காலை பதினொரு மணி. அந்தத் தெருவையே உலுக்கியது ஒரு பெண்ணின் அலறல்!

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தெருமுனைத் தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே ஓடிவந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து ஜீப் வந்து நின்றது. இறங்கிய இன்ஸ்பெக்டர் கீழ்வீட்டுக் கதவை உடைக்கவில்லை. காலிங்பெல்லைத்தான் அழுத்தினார். முதல் தடவையே உடைத்தாயிற்று. இது மூன்றாவது தடவை.

கதவைத் திறந்தவள் கழுத்தில் ஹெட்போன், கையில் ஒரு காகிதம். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"மலை உச்சியிலிருந்து தள்ளிவிடறப்போ போடற அலறல் சார்..." என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அவள் டப்பிங் கலைஞர். கதாநாயகிகள் சொந்தக் குரலில் சிரிப்பார்கள், சொந்தக் குரலில் அழுவார்கள். அலறல் என்று வந்தால் மட்டும் தொண்டை கெட்டுவிடுமே என்று இவளைக் கூப்பிடுவார்கள். சினிமா வட்டாரத்தில் இவளுக்கு 'அலறல் அக்கா' என்றே பெயர்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு வாழ்நாளிலேயே பெரிய வாய்ப்பு. ஒரு பேய்ப்படம். ஒரே படத்தில் பத்தொன்பது அலறல்கள்! சரியாகச் செய்தால் இனிமேல் எல்லாப் பேய்ப்படமும் உனக்குத்தான் என்று டைரக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். பயிற்சி எடுக்காமல் முடியுமா?

ஆனால், மாடி வீட்டுக்காரர் விடவில்லை. மூன்று புகாரும் அவர் கொடுத்ததுதான். தங்கமான மனிதர். ராத்திரி வேலை, பகலில்தான் தூக்கம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. வீட்டு உரிமையாளர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நாலாவது புகார் வந்தால் கீழ்வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அன்று மாலை அவளுடைய கணவன் வேலையிலிருந்து வந்தான். அவன் நூலகர். வாயைத் திறந்து பேசுவதே அதிசயம். சத்தம் போடுபவர்களை ஒரு விரலை உதட்டில் வைத்தே அடக்கும் தொழில். அப்படிப்பட்டவனுக்கு இப்படி ஒரு மனைவி!

அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் பேசினான்.

"நம்ம காரை சத்தம் வெளிய போகாத ரூமா மாத்திடறேன்."

"அதெல்லாம் உங்களுக்குத் தெரியுமாங்க?"

"புஸ்தகம் இருக்கு."

வெள்ளிக்கிழமை வரை லீவு போட்டான். ஷெட்டில் வேலை ஆரம்பமானது. சீட்டுகள் வெளியே வந்தன. நாலு கதவுகளின் உள்பக்க அட்டைகளும் கழன்றன. வெறும் தகரமாக நின்ற கதவுகளைத் துணியால் துடைத்து, பிசுபிசுவென்ற கறுப்பு ரப்பர் ஷீட்டை வெட்டி ஒட்டினான். மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் ரோலரால் தேய்த்தான். அதன் மேல் கட்டைவிரல் தடிமனுக்கு ஃபோம். தரையிலும் கூரையிலும் அதே கதை. கண்ணாடிகளை அடைக்கவும் ஃபோம் பலகை வெட்டிப் பொருத்தினான். உள்ளே பகலிலேயே கும்மிருட்டு.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்தபோது, தட்டில் நாலு மெல்லிய கம்பிகள் மிச்சம் இருந்தன.

"இதெல்லாம் எதோடதுங்க?"

"கார் கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டிருப்பான்."

முதல் ஒத்திகை. அவள் முன் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழு மூச்சில் அலறினாள். வெளியே அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றுமே கேட்கவில்லை. அப்படியொரு சந்தோஷம் அவனுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. நாற்காலியைப் போட்டுப் புத்தகத்தில் மூழ்கிவிட்டான்.

அரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், வியர்வையில் குளித்துப்போய் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ளேயிருந்து கதவு திறக்க மாட்டேங்குது. எத்தனை தடவை போன் பண்ணேன் தெரியுமா?"

நூலகர்கள் போனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய ரத்தத்தில் ஊறியது.

மிச்சமான நாலு கம்பிகளும் கதவின் உள்பக்கக் கைப்பிடிகளை இழுக்கும் கம்பிகள் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மறுபடி அத்தனையையும் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை முடியட்டும் என்று இருவரும் ஒப்பந்தம் போட்டார்கள். அதுவரை பத்து நிமிடத்துக்கு அலாரம் வைப்பான். அலாரம் அடித்தால் வெளியிலிருந்து திறந்துவிடுவான்.

தெரு அமைதியானது.

ஆனால்...

அதே வாரம் அந்தத் தெருவில் மூன்று வீடுகளில் திருட்டு! மூன்றும் பட்டப்பகலில்!

வியாழக்கிழமை. மணி பதினொன்று இருபது.

அவள் காருக்குள் போய் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாசலில் ஜீப் சத்தம். நாலாவது புகாரோ என்று நினைத்தான் நூலகன். கையில் அலாரம் கடிகாரத்தோடு கேட்டுக்கு ஓடினான்.

அவன் அந்தப் பக்கம் போன அதே நொடி...

ஷெட்டின் பின்பக்கச் சுவர் மேல் இரண்டு கைகள் முளைத்தன. ஓர் உருவம் உள்ளே குதித்தது. முகத்தில் துணி. தோளில் கனமான ஒரு பை. கேட்டருகே காக்கியைப் பார்த்ததும் அது பதறியது. சுற்றுமுற்றும் பார்த்தது. இரண்டு அலறல்களுக்கு நடுவே காரின் பின்கதவை ஓசைப்படாமல் திறந்து, இருட்டுக்குள் புகுந்து, இழுத்துச் சாத்திக்கொண்டது.

ஒளிவதற்கு எத்தனையோ இடம் இருக்க, அந்தக் கார்தானா கிடைத்தது? பாவம்!

இன்ஸ்பெக்டர் விறுவிறுவென ஷெட்டுக்குள் வந்தார்.

"யாரோ போன்ல தகவல் சொன்னாங்க. கார் கதவையெல்லாம் கழட்டி உள்ள எதையோ ஒளிச்சிருக்கியாம். மூணு வீட்டு நகையும் இங்கதானா?"

"ரப்பர் ஷீட் சார். சத்தம் வெளிய போகாம இருக்க."

"கதவைத் திற."

நூலகன் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு சார்."

"எதுக்கு?"

"உள்ள என் வீட்டுக்காரி பிராக்டீஸ் பண்றா. இப்பத் திறந்தா அலறல் வெளிய வந்துடும். நாலாவது புகார் ஆயிடும். வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க சார்..."

இன்ஸ்பெக்டர் காதைக் கதவில் வைத்துப் பார்த்தார். மயான அமைதி. அவருடைய இருபது வருட சர்வீஸில் இவ்வளவு அமைதியான அலறலைக் கேட்டதில்லை. யாரிடம் கதை விடுகிறாய் என்பது போல் நூலகனைப் பார்த்தார்.

திடீரென்று கார் குலுங்கியது.

"கார் ஏன்யா ஆடுது?"

"பதினாலாவது அலறல் சார். பேய் முடியைப் பிடிச்சு இழுக்குது. உடம்பை ஆட்டித்தான் போடணும்."

கார் இன்னும் பலமாக ஆடியது. உள்ளேயிருந்து யாரோ உதைப்பது போல் பின்கதவு அதிர்ந்தது.

"இதுவும் அலறலா?"

நூலகன் நெற்றியைச் சுருக்கினான். மனைவியின் பத்தொன்பது அலறலும் அவனுக்கு அத்துப்படி. "இது... லிஸ்ட்ல இல்லை சார்."

இன்ஸ்பெக்டர் இனியும் பொறுக்கத் தயாராக இல்லை. அவனைத் தள்ளிவிட்டுப் பின்கதவை வெடுக்கென்று இழுத்தார்.

"வீ...ல்ல்ல்ல்ல்ல்!"

அலறல் அணை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது! இன்ஸ்பெக்டரின் தொப்பி கீழே விழுந்தது. தெருவில் அத்தனை ஜன்னல்களும் திறந்தன. அலறலோடு சேர்ந்து ஓர் ஆளும் வெளியே உருண்டு வந்து விழுந்தான். இரண்டு காதுகளையும் பொத்தியிருந்தான். பை வாய் பிளந்து, சங்கிலிகளும் வளையல்களும் தரையில் சிதறின.

"நான்தான் சார்! மூணு வீடும் நான்தான்! இன்னைக்கு நாலாவது வீடு! திரும்ப மட்டும் உள்ள விட்டுடாதீங்க!"

முகத்துணி நழுவியது.

மாடி வீட்டுக்காரர்!

இதுவரை 'அவர்'. இனிமேல் 'அவன்'.

முன்கதவைத் திறந்துவிட்டதும் அவள் இறங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாகப் பதினாலு அலறல் போட்டாளாம். பதினைந்தாவதுக்கு மூச்சு இழுக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை தோளைத் தொட்டு, போதும் தாயே என்று கெஞ்சியதாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் போட்டது பயிற்சி இல்லை, நிஜம்! நூலகன் மனைவியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் கீழே கிடந்தவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி, காதருகே கத்தினார்.

"அப்ப அந்த மூணு புகாரும் தூக்கத்துக்காக இல்லையா?"

"தூக்கமா? இந்தம்மா ஒரு தடவை கத்தினா தெரு பூரா ஜன்னலுக்கு வந்துடுது சார். அப்புறம் எப்படித் தொழில் பண்றது? இவரு காரை ரெடி பண்ணப்புறம்தான் நிம்மதியா மூணு வீடு முடிச்சேன்."

பழியை நூலகன் மேல் போடப் போனில் தகவல் சொன்னவனும் அவனேதான். போலீஸ் வழக்கம்போல ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும், அதற்குள் நாலாவது வீட்டை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான். பாவம், அன்று ஜீப்புக்கு டயர் நன்றாக இருந்தது; உடனே வந்துவிட்டது. காக்கியைக் கண்ட பதற்றத்தில், தான் காட்டிக்கொடுத்த காருக்குள்ளேயே போய் ஒளிந்துவிட்டான்.

அன்று சாயங்காலமே வீட்டு உரிமையாளர் நேரில் வந்தார். சொன்னபடியே ஒரு வீட்டைக் காலி செய்ய வைத்தார். மாடி வீட்டை!

இன்ஸ்பெக்டர் திருடனோடு கிளம்பும்போதே அவளிடம் ஒரு வேண்டுகோள் வைத்திருந்தார். இனிமேல் காருக்குள் வேண்டாம். வாசலில் நின்று, தினமும் காலையில் தாராளமாக அலறவும். தெருவின் பாதுகாப்புக்கு.

மறுநாள் டப்பிங் தியேட்டர். அவள் பத்தொன்பது அலறலையும் ஒரே மூச்சில் முடித்தாள். டைரக்டர் எழுந்து நின்று கைதட்டினார். அடுத்த மூன்று பேய்களும் அவளுக்கே! அந்த மகிழ்ச்சியில், காருக்குள் பயிற்சிக்காக ஓடிக்கொண்டிருந்த போனில் பதிவாகியிருந்த அந்த நிஜ அலறலையும் இருபதாவதாகப் போட்டுக் காட்டினாள்.

டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"இது வேண்டாம்மா. கொஞ்சம் செயற்கையா இருக்கு."

அதே நேரம்... போலீஸ் ஸ்டேஷன்.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை முழுசாகப் படித்துக் காட்டிவிட்டு, பேனாவை நீட்டினார்.

"கையெழுத்துப் போடு."

சத்தம் தாங்க முடியவில்லை என்று மூன்று தடவை புகார் கொடுத்த அந்த மனிதன், இடது கையைக் காது மடலில் குவித்துக்கொண்டு முன்னால் குனிந்தான்.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார்... ஒண்ணுமே கேக்கல."