ஒரு சாதாரண ஆளுக்குப் போதுமான இடம்

கோவையிலிருந்து லிஸ்பனுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் யமுனா கால்களை நீட்டிச் சாய்ந்திருந்தாள். கூரை பனை உயரத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் கல்யாண மண்டபம் போல வெறும் தரை. கையை எப்படி விரித்தாலும் எதிலும் இடிக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் அவள் கணவன் பூபதி மல்லாந்து கிடந்து ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் விரிவளையத்தின் வேலை. விமானத்தில் ஏறியதும் ஒவ்வொருவர் தலையிலும் அதை மாட்டிவிடுவார்கள். நெற்றியைக் கவ்விக்கொண்டு, கண்களுக்கு முன்னால் மெல்லிய திரை ஒன்றை இறக்கும். கை எங்கே இருக்கிறது, முட்டி எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று மூளை தனக்குள் ஒரு படம் வைத்திருக்கிறது. மெய்ப்படம் என்று அதற்குப் பெயர். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிவது அதனால்தான். வளையம் அந்தப் படத்தைப் பிடித்து இழுத்து விரித்துவிடும். உடம்பு எந்தப் பொந்தில் கிடந்தாலும் வலி எட்டாமல் மனசு மைதானத்தில் கிடக்கும்.

முதலில் பழைய இருக்கைகளிலேயே வளையத்தைக் கொடுத்தார்கள். முட்டி இடித்து, தோள் இடித்து நொந்துபோயிருந்த ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பயணம் எப்படியிருந்தது என்று யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. வளையமே மூளையைப் பார்த்து நூற்றுக்கு இவ்வளவு என்று வசதி எண்ணைச் சொல்லிவிடும். கம்பெனிகள் இருக்கையை ஒரு விரற்கடை குறைத்துப் பார்த்தன. எண் குறையவில்லை. இன்னொரு விரற்கடை குறைத்தார்கள். அப்போதும் எண் அசையவில்லை. டிக்கெட் மட்டும் மலிந்தது. இப்போதெல்லாம் வளையம் மாட்டியானதும் வரிசைகள் தண்டவாளத்தில் நகர்ந்து ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். நடைபாதை மூடிவிடும். சிறுநீருக்குக்கூட இருக்கையிலேயே குழாய். தரையில் இறங்கிய பிறகுதான் எல்லாம் திறக்கும்.

பூபதிக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஆறடிக்கு மேல் உயரம். கோபிக்காரன். இளவயதில் மாநில வாலிபால் அணியில் ஆடியவன். ஐம்பதைத் தாண்டிய பிறகும் எம்பி அடித்தால் எதிர் அணியில் கை வைக்க யோசிப்பார்கள். லிஸ்பனில் நடக்கும் மூத்தோர் போட்டிக்குக் கோபி அணிக்கு அழைப்பு வந்ததிலிருந்து தினமும் விடிவதற்கு முன்பே மைதானத்துக்குப் போய்விடுவான். "நீயும் வந்து பாரு புள்ள, இதுதான் என்ற கடேசி ஆட்டம்" என்று யமுனாவையும் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான்.

பாதி வழியில் யமுனாவின் வளையம் நின்றுவிட்டது.

முன்னறிவிப்பெல்லாம் இல்லை. கூரை மறைந்தது. திரை இருண்டு மேலே ஏறியது. அடுத்த கணம், யாரோ அவளைப் பெட்டிக்குள் திணித்து மூடியது போல மூச்சு முட்டியது. முட்டிகள் மார்பில் பதிந்திருந்தன. முன்வரிசையின் முதுகுத்தகடு நெற்றிக்கு அரையடி தள்ளி இருந்தது. வலது தோள் பூபதியின் விலாவுக்கடியில் மாட்டியிருந்தது. கழுத்தைத் திருப்ப மட்டும் இடமிருந்தது. திருப்பிப் பார்த்தாள்.

வரிசை வரிசையாக மனிதர்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். ஒருவர் தாடை அவருடைய முட்டியின் மேல் இருந்தது. ஒரு பெண்ணின் கை பின்பக்கம் முறுக்கிக் கிடந்தது. அத்தனை முகங்களிலும் நிம்மதி. சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூபதியைப் பார்த்தாள். அவன் உயரத்துக்கு அந்த இருக்கை பாதிகூடப் போதாது. வரிசைகள் நெருங்கியபோது அவனுடைய வலது கால் கோணலாக மடங்கி, முன்னிருக்கையின் இரும்புச் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே சிக்கியிருந்தது. செருப்பு நழுவிய பாதம் வெளியே தெரிந்தது. வீங்கி, நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"ஏனுங்க!" என்று கத்தினாள். "ஏனுங்க, உங்க காலப் பாருங்க!"

வளையம் போட்டவனுக்குக் காது நன்றாகவே கேட்கும். "என்ன புள்ள?"

"கால் கம்பியில மாட்டியிருக்குதுங்க. கறுத்துப் போயிக் கெடக்குது."

பூபதி சிரித்தான். "எந்தக் கால்? ரெண்டையும் நீட்டிப்போட்டு ஆட்டிட்டுல்ல இருக்கறேன்."

"ஆடலீங்க. ஒண்ணுமே ஆடல."

"கெனாக் கண்டுருப்ப. சித்த நேரம் கண்ண மூடு."

யமுனா கையை இழுத்து இழுத்து விடுவித்து, தலைக்கு மேலிருந்த அழைப்புப் பொத்தானை அடித்தாள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. முன்னறையில் உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் ஹரிணி என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

"மேடம், உங்க வளையம் நின்னுருக்கு. ரொம்ப சாரி. இங்கிருந்தே சரிபண்ணிடறேன்."

"என்னய விடும்மா. இவரு கால் செத்துட்டிருக்குது. வந்து எடுத்து விடுங்க."

"ஒரு நிமிஷம்." விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. "மேடம், சாருக்கு வசதி எண் தொண்ணூத்தேழு காட்டுது. அவர் நல்லா இருக்கார்."

"நான் கண்ணால பாக்கறேன். மெஷின் என்ன காட்டுனா என்ன?"

"நடைபாதை மூடியிருக்கு மேடம். நான் நினைச்சாலும் அங்க வர முடியாது. பறக்கும்போது வரிசையைத் தளர்த்துனா மத்த வரிசையில இருக்கவங்க நசுங்கிடுவாங்க."

"அப்ப எங்கியாச்சும் எறக்குங்க!"

ஹரிணி போய் விமானியைக் கேட்டு வந்தாள். அவசரத் தரையிறக்கத்துக்குப் பயணியின் வளையத்திலிருந்து ஆபத்துக் குறி வர வேண்டும். பக்கத்தில் இருப்பவர் சொல்வதை வைத்து இறக்க விதி இடம் கொடுக்காது. சொல்லி முடித்துவிட்டு அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல அக்கா."

யமுனா பூபதியின் முகத்தைப் பார்த்தாள். கண்திரைக்குக் கீழே உதடுகள் பாட்டை அசை போட்டுக்கொண்டிருந்தன. வளையத்தைக் கழற்றினால் வலி அவனுக்குத் தெரியும். தெரிந்தால் காலை இழுத்துக்கொள்வான். அவனைப் போல பலசாலி இழுத்தால் சட்டம் விடாமலா போகும்? இந்த நம்பிக்கையில் அவள் கையை நீட்டி, வளையத்தைப் பிடுங்கினாள்.

பூபதியின் அலறல் விமானத்தின் அந்தக் கோடி வரை போயிருக்கும். அவரவர் மைதானத்தில் கிடந்த யாரும் திரும்பவில்லை. அவன் உடம்பு முழுக்க விறைத்தது. காலை இழுத்தான். இருக்கை கிறீச்சிட்டதே தவிர சட்டம் மயிரிழைகூட நகரவில்லை. மறுபடி இழுத்தான். கழுத்து நரம்புகள் புடைத்தன. முதுகை வளைக்க இடமில்லாமல், எம்ப இடமில்லாமல், அவ்வளவு பலமும் அந்த மடிப்புக்குள்ளேயே முட்டி முட்டி அடங்கியது.

"அம்மா… அய்யோ… புள்ள, என்ன பண்ணுன நீ?"

"இழுங்க மாமா, இன்னொருக்கா இழுங்க!"

"வரமாட்டேங்குது. எரியுது புள்ள, தீ வெச்ச மாதிரி எரியுது." அவன் அழுதுகொண்டிருந்தான். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. "அதக் குடு. அத மாட்டிவிடு."

"மாட்டுனா உங்களுக்கு ஒண்ணும் தெரியாம போயிருங்க. கால் போயிருமுங்க."

"தெரிஞ்சு மட்டும் என்ன பண்றது? மாட்டு புள்ள. உன்னயக் கும்பிடறேன்."

ஒலிபெருக்கியில் ஹரிணியும் அதையேதான் சொன்னாள். பூபதி சாருடைய இருக்கையிலிருந்து இதயத்துடிப்பு எச்சரிக்கை வருகிறது, காரணம் 'வளையம் நீக்கம்' என்று காட்டுகிறது, மறுபடி மாட்டுவதுதான் தீர்வாம்.

யமுனா மாட்டிவிட்டாள். அலறல் பாதியில் நின்றது. முகத்தின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. கன்னத்தில் கண்ணீர் காயாமலேயே அவன் பெருமூச்சு விட்டான். "அப்பாடா," என்றான். "காத்து வருது."

சற்று நேரத்தில் அவளுடைய வளையமும் உயிர் பெற்றது. திரை இறங்கியது. அந்த அகலம் நெஞ்சுக்குள் வெள்ளம் மாதிரி வந்து பரவியது. அவளால் தாங்க முடியாத சுகமாக இருந்தது. கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். விரல் நுனி எட்டிய மட்டும் பூபதியின் கெண்டைக்காலை நீவத் தொடங்கினாள். மிச்ச வழி முழுக்க நீவிக்கொண்டே வந்தாள். அதனால் ஏதும் பயன் இருந்திருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னார்.

லிஸ்பனில் வரிசைகள் விலகின. வளையங்களைக் கழற்றிய ஜனங்கள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கைகால் மரத்துப்போனதற்குச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். பூபதியை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். மறுநாள் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் நடந்தது. கோபி அணி அவனில்லாமல் ஆடியது.

ஊர் திரும்பவும் விமானம்தான் இருந்தது. யமுனா ஏறினாள். இந்த முறை வளையத்தை அவளே கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள், வெட்கத்தோடு. பூபதியின் வளையம் இயங்கியதும் அவன் குரல் கேட்டது. "புள்ள, கால் வந்துருச்சு. வெரல்கூட மடக்க முடியுது." வெட்டியதை மெய்ப்படம் அறியவில்லை. அதில் அந்தக் கால் முழுசாக, வலியில்லாமல் இருந்தது.

யமுனா போட்ட வழக்கு பயணியர் முறையீட்டு மன்றத்துக்குப் போனது. கேள்வி ஒன்றுதான்: சாதாரண ஓர் ஆளுக்கு அந்த இருக்கை போதுமா, போதாதா? மன்றத்தில் இருவர். தலைவர் தணிகாசலம், பருத்த உடம்பு, நல்ல மனிதர். உறுப்பினர் ஃபர்சானா பேகம், எதையும் இரண்டு முறை கேட்பவர்.

கம்பெனி வக்கீல் பூபதியிடம் ஒரே கேள்வி கேட்டார். "பயணத்தில் உங்களுக்குச் சிரமம் இருந்ததா?"

பூபதி பொய் சொல்லிப் பழகாதவன். "இல்லீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. என்ற சம்சாரம் கழட்டுனப்பத்தான் வலிச்சுது."

வக்கீல் திரும்பி, அந்த விமானத்தில் அன்று பதிவான ஒரே துன்பம் யமுனா அம்மையார் ஏற்படுத்தியது என்று மென்மையாகவே சொன்னார்.

யமுனா எழுந்துவிட்டாள். "நீங்களே உக்காந்து பாருங்க சாமி. வளையமில்லாம ஒரு வாட்டி உக்காந்து பாருங்க."

தணிகாசலம் உட்கார்ந்து பார்க்க உடனே ஒப்புக்கொண்டார். வளையம் பற்றித்தான் வாதம் வந்தது. வளையமில்லாமல் இன்று யாருமே பறப்பதில்லை என்றார் வக்கீல். கண்ணாடி போட்டவருக்கு எழுத்து தெரிகிறதா என்று பார்க்கும்போது கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டா கேட்கிறோம்? ஃபர்சானா பேகம் இரண்டு முறை யோசித்தார். நியாயமாகத்தான் படுகிறது என்றார்.

மன்றத்தின் பின்கட்டில் மூன்று இருக்கைகள் கொண்ட வரிசை ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். தலைவரும் உறுப்பினரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வளையங்களை மாட்டிக்கொண்டார்கள். அந்த இரண்டு இருக்கைகளின் முன்தகடுகள் மட்டும் தண்டவாளத்தில் நகர்ந்து வந்து அவர்களை மடித்தன. தணிகாசலத்தின் தொப்பை இரண்டாகப் பிதுங்கியது. முட்டிகள் தாடையை முட்டின. யமுனா வாயைப் பொத்திக்கொண்டாள். இப்போதாவது கத்துவார், இதோ கத்துவார் என்று காத்திருந்தாள்.

"அடேயப்பா," என்றார் தணிகாசலம். முகம் மலர்ந்திருந்தது. "வீட்டு ஹாலைவிடப் பெருசா இருக்கே." கையை வீசி விரித்தார். முழங்கை ஃபர்சானா பேகத்தின் விலாவில் இடித்தது. இருவருக்கும் தெரியவில்லை. "ஏம்மா, நீங்க எதுக்கு நின்னுட்டிருக்கீங்க? இவ்வளவு இடம் கெடக்குது, வந்து உக்காருங்க."

யமுனாவுக்குப் பின்னால் ஊன்றுகோல் தரையில் நகரும் ஓசை கேட்டது. பூபதி மூன்றாவது இருக்கையின் அருகே போய் நின்றிருந்தான். அவன் உட்கார்ந்து சிரித்துவிட்டால் வழக்கு அதோடு முடிந்தது. அது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்காமல், கால் இல்லாத பக்கத்துத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"புள்ள, கொஞ்ச நேரந்தான். உக்காந்துக்கட்டுமா?"

யமுனா கிட்டே போய் ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, அவனை உட்காரவைத்து, நெற்றியில் வளையத்தைப் பொருத்திவிட்டாள்.