இருபது நிமிடக் கார்பன்

"நாப்பதுன்னு எழுதிட்டு இருபதை அனுப்பினா, அதுக்கு என்னம்மா பேரு?"

"என் கையால அளந்தேன் டாக்டரம்மா. நாப்பதுல ஒரு புள்ளி குறையலை."

சாத்திய கதவையும் மீறி ஸ்கேன் அறைச் சண்டை வராந்தா வரை கேட்டது. உள்ளே தலைகுனிந்து நின்றது மருந்து தயாரிக்கும் அக்கா. கதிரியக்கக் கார்பன் கலந்த ஊசி மருந்தை அவள் பத்து மணிக்கு, அங்கேயே எடுபிடி வேலை பார்க்கும் தன் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். மூடிய நடைபாதையில் ஐந்து நிமிட நடை. வந்ததும் அதன் கதிர்வீச்சை அளந்தால் பாதிதான் இருந்தது. நோயாளியின் இதயப் படம் மங்கிப்போனது. பொய் அளவு எழுதினாள் என்று சாயங்காலம் மேலிடத்துக்குப் புகார் போனால், அவள் வேலை போய்விடும்.

நர்ஸ் ஓடிப்போய் மீட்டர் சாரைக் கூட்டிவந்தாள். ஆஸ்பத்திரியின் கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி அவர். கழுத்தில் எந்நேரமும் மீட்டர் தொங்குவதால் அந்தப் பெயர். பாதி மருந்தைத் திருடியவனை இப்போதே பிடித்துவிடலாம் என்று அவள் பரபரத்தாள். அவரோ ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மருந்து வந்த நேரத்தைக் கேட்டார்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து ஐந்து என்று தானே எழுதியதாக நர்ஸ் சொன்னாள். டாக்டரம்மா ரவுண்ட்ஸில் எட்டிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் தம்பி மணி அடித்தான். இன்று அவர் சீக்கிரமே வந்துவிட்டார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாளாம்.

"நான் என்னைக்கும்போல பத்தேகாலுக்குத்தான் வந்தேன்" என்றார் டாக்டரம்மா.

மீட்டர் சார் கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டார். சரியாகவே ஓடியது. அதன் கீழே கிடந்த ஸ்டூலைக் குனிந்து பார்த்தார். அதில் ஈர மண் தடம். நர்ஸை உற்சாகம் தொற்றிக்கொண்டது. இங்கே எல்லாரும் காலுறை மாட்டித்தான் நடப்பார்கள், இது வெளியே மழையில் நின்றவன் கால் என்றாள்.

அடுத்து அவர் மருந்தறைக்குப் போனார். அனுப்பிய அதே குப்பியிலிருந்து சோதனைக்கென அக்கா பத்து மணிக்கு எடுத்து வைத்த மாதிரி அங்கே இருந்தது. அப்போது அதன் அளவு நான்கு. பதினொரு மணிக்கு அவர் அளந்தபோது சரியாக அரை.

எல்லாரையும் ஸ்கேன் அறையில் உட்கார வைத்தார். தம்பி மட்டும் சுவரோரம் நின்றான்.

"இந்தக் கார்பன் இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை பாதி, போரான்ங்கிற வேற தனிமமா மாறிடும். நாலு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு, ஒண்ணு அரையாச்சு. அக்கா எழுதினது உண்மை. சீல் உடையலை, மருந்தும் சிந்தலை. அப்ப நாப்பது இருபதாக ஒரே வழிதான். குப்பி இருபது நிமிஷம் வழியில இருந்திருக்கு. சுவர்க் கடிகாரத்தைத் திருப்பலாம். இதைத் திருப்ப முடியாது."

யாரும் தம்பியைப் பார்க்கவில்லை. அவனே முன்னால் வந்து நடந்ததைச் சொன்னான்.

நோயாளி ஓய்வுபெற்ற தபால்காரர். குகை மாதிரி இருந்த மிஷினுக்குப் பயந்து, ஊசிக்கு முன்பே தோட்டத்து பெஞ்சுக்கு ஓடிவிட்டார். பாத்ரூம் போயிருப்பார் என்று நர்ஸ் நினைத்தாள். நடைபாதை ஜன்னல் வழியே அவரைக் கண்ட தம்பி, மழையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பேசிப் பேசிக் கூட்டிவந்தான். தாமதத்துக்குத் திட்டு விழும் என்று கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினான்; பிறகு சரிசெய்தான். மருந்தே நேரத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று அவனுக்குத் தெரியாது. பழி அக்கா மேல் விழுந்தபோதும் உண்மையைச் சொல்லப் பயந்தான்.

"மடையா, லேட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற செஞ்சு தந்திருப்பேன்டா. ஒரு மணி நேர வேலை. அந்தப் பெரியவருக்கு ஒரு ஊசி மிச்சமாயிருக்கும்" என்றாள் அக்கா. குரல் உடைந்தாலும் கை அவன் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். தம்பியை வேலையில் வைத்துக்கொள்வதா என்று நாளை சொல்வதாகச் சொன்னார். தபால்காரர் மறுபடியும் படுக்க ஒப்புக்கொண்டார், அந்தப் பையன் கொண்டுவந்தால் மட்டும்.

இரண்டரைக்குப் புது மருந்து தயார். அக்கா அளந்தாள், சீல் வைத்தாள், ஈயப் பெட்டியைத் தூக்கினாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு தம்பியிடமே கொடுத்தாள்.

அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் கொடுத்திருப்பீர்களா? உண்மையாக யோசித்து, ஏன் என்று இரண்டு வரி கீழே எழுதுங்கள்.