தலைப்பில் வராதது

தூத்துக்குடி துறைமுக முறைமன்றத்தில் இப்போதெல்லாம் யாரும் வாதாடுவதில்லை. சாட்சி சொல்ல வந்தவர் ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து பேசினால் போதும். ஒலிபெயர்ப்பி என்ற பொறி அதைச் சொல் பிசகாமல் எழுதிக்கொள்ளும். பிறகு, அதில் எது தலைப்பு, எது துணைத்தலைப்பு, எது வெறும் பத்தி என்று தலைப்பர் ஒருவர் பிரித்து அமைப்பார். அந்த ஒரு வேலைக்கு மட்டும் மனிதர்தான் வேண்டும் என்று சட்டம் சொன்னது.

மெலிட்டா, தலைப்பர் கிளாடிஸின் அறையைக் கேட்டு வாங்கினாள். இருவரும் பள்ளியிலிருந்தே சிநேகிதிகள். மெலிட்டாவின் மகளுக்குக் கிளாடிஸ்தான் ஞானத்தாய்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் மெலிட்டா, நீரில் மூழ்கி வேலை செய்யும் குளியாள். உறிஞ்சுகுழாய்க்குள் சிப்பி சுரண்ட இறங்கியிருந்த அவளுடைய கூட்டாளி சூசை, மதகு திறந்ததில் இழுபட்டு இறந்துபோனார். மேலே படகில் கயிறு பிடித்திருந்தவள் அவள்தான். உள்ளே ஆள் இருப்பதைக் கட்டுப்பாட்டு அறைக்கு வயர்லெஸ்ஸில் சொல்லியிருந்தாள். சரி என்று இரைச்சலுக்கு நடுவே பதிலும் வந்தது. யார் குரல் என்று பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் மதகு திறந்தது.

"ஆள் உள்ள இருக்குன்னு சொன்ன பொறவும் மதகத் தொறந்தாங்க. இதத்தான் தலைப்பா போடணும், கிளாடிஸ்."

கிளாடிஸ் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தலையசைத்தாள். கயிறு நன்றாக இருந்ததா என்று கேட்டாள். முந்தின நாள் ஓர் இழை பிரிந்திருந்ததையும், அதை அறுத்து மாற்றிக் கட்டியதையும் மெலிட்டா மறைக்காமல் சொன்னாள்.

முடிந்ததும் பொறி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டியது. தலைப்பையும் பத்தியையும் அது ஒரே குரலில்தான் வாசிக்கும். சொன்னதில் ஒன்றும் விடுபடவில்லை. மெலிட்டா கைரேகை வைத்தாள். வைத்த பிறகு அமைப்பை மாற்ற முடியாது.

தீர்ப்புப்பொறி தலைப்புகளை மட்டுமே படிக்கும். வழக்குகள் மலையாகக் குவிந்த காலத்தில் வந்த ஏற்பாடு அது. முக்கியமானது மேலே இருக்கும், மீதி விளக்கம் என்பது கணக்கு. அந்த வாரமே தீர்ப்பு வந்தது. கயிறு பழுது, பிடித்தவர் பொறுப்பு. மெலிட்டாவின் உரிமம் பறிபோனது.

அவள் பிரதியை வாங்கிப் பார்த்தாள். தலைப்பு, தடித்த எழுத்தில், 'பிரிந்த கயிறு' என்றிருந்தது. மதகைப் பற்றிச் சொன்ன வரி உள்ளே எங்கோ, பத்து வாக்கியங்களோடு ஒன்றாகக் கிடந்தது.

தேடி வந்தவளிடம் கிளாடிஸ் தன் வீட்டு வாசலிலேயே நின்று பேசினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஒரு சொல்லையும் நான் மாத்தலட்டி."

"எங்க வச்சன்னு கேக்குதேன்."

கிளாடிஸ் கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். "அன்னைக்கு ஷிப்ட் மாறிக் கட்டுப்பாட்டு அறையில இருந்தது பிரிட்டோ," என்றாள். பிரிட்டோ அவள் கணவன்.

"அது தெரிஞ்சிருந்தா உங்கிட்ட வந்திருப்பனா?"

"வந்திருக்க மாட்ட. அதான் நானும் சொல்லல."

மெலிட்டாவுக்குக் கோபம்கூட வரவில்லை. வேறு எந்த அறைக்குப் போயிருந்தாலும் அந்த வரி மேலே இருந்திருக்கும். கேட்டு வாங்கிக்கொண்டு இங்கே வந்தவள் அவளேதான்.

அங்கிருந்து நேராகச் சூசையின் மனைவி ரெஜினாவிடம் போனாள். பொறி என்ன சொன்னாலும், அவளுக்கு மட்டுமாவது நடந்தது தெரிய வேண்டும். பிரதியை விரித்து நீட்டினாள். பொறிக்கென்று வந்த பழக்கம் மனிதர்களுக்கும் எப்போதோ ஒட்டிவிட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில்கூடத் தலைப்பு படிக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ரெஜினாவின் கண் தடித்த எழுத்தில் போய் நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

கீழே இருக்கும் வரியை மெலிட்டா விரல் வைத்துக் காட்டினாள். தான் சொன்னதை, பதில் வந்ததை, மதகு திறந்ததை எல்லாம் வாயாலும் சொன்னாள். ரெஜினா அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தாளை மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"இம்புட்டுப் பெரிய விஷயம்னா தலைப்புல வந்திருக்குமே, மெலிட்டா."