கோட்டைத் தாண்டிய நரி

மார்ச் 16, சனிக்கிழமை, காலை பத்து மணி. நூலகத்தின் சிறுவர் பிரிவில் முப்பத்தொரு பழைய புத்தகங்கள் கயிற்றால் கட்டப்பட்டு வாசலருகே வைக்கப்பட்டன.

கட்டின் உச்சியில் இருந்த நரிப் படப் புத்தகத்தைப் பார்த்ததும் குருவிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

குருவிக்குப் பத்து வயது. ஓரிடத்தில் உட்காராமல் அலமாரிக்கு அலமாரி தாவுவதால் நூலகர் அக்கா வைத்த பெயர் அது. ஐந்து வயதில் அவளுக்குத் தடித்த கறுப்புக் கோடு போட்ட படங்கள் பிடித்தன. எட்டு வயதில், புள்ளி வைத்தே மழையும் நிழலும் காட்டிய படங்கள். மூன்று வயதிலிருந்து மாறாதது இந்த நரி மட்டும்தான். அதன் சிவப்பு, கோட்டுக்குள் அடங்காமல் ஒரு நூல் அளவு பின்னால் தள்ளி நிற்கும்.

"அக்கா, நரி ஏன் இங்க இருக்கு?"

"பழைய பேப்பருக்குப் போகுது. மூணு வருஷமா ஒருத்தரும் எடுக்கல."

"நான் வாராவாரம் பாக்கறேனே!"

"பாக்கற. இங்கயே பாத்துட்டு வெச்சிட்டுப் போயிடற. அது ரிஜிஸ்டருக்கு எப்படித் தெரியும்?"

வீட்டில் தம்பி கிறுக்கிவிடுவானே என்று பயந்து, குருவி அதை ஒருநாளும் எடுத்துப்போனதில்லை.

"அதோட, இது அச்சுப்பிழைம்மா. சிவப்பு தள்ளி விழுந்திருக்கு பாரு."

"பிழையா? நரி ஓடுதுக்கா! அது ஓடற வேகத்துக்குக் கலர் பின்தங்கிடுச்சு!"

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "தூங்கற பக்கத்துலயும் தள்ளித்தானே இருக்கு?"

"கனவுல ஓடுது."

அக்கா சிரித்துவிட்டார். கயிற்றைத் தளர்த்திப் புத்தகத்தை உருவினார். "சரி, வாயாடி. யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருந்தா, அந்தப் புத்தகத்தைக் கழிக்கக் கூடாதுன்னு விதி. பன்னெண்டு மணிக்கு வண்டி வரும். கார்டு இருக்கா?"

குருவி பையைக் கவிழ்த்து அட்டையை எடுத்தாள். அப்போது பக்கத்து மேசையில் விசும்பல் கேட்டது. முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண், தான் வரைந்த தாளைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு, பட்டு?" என்று குருவி அவளருகே குனிந்தாள்.

"கலர் கோட்டைத் தாண்டிடுச்சு. எப்பவும் தாண்டுது. கிளாஸ்ல எல்லாரும் சிரிக்கறாங்க."

தாளில் ஒரு நீலப் பூனை. குருவி அதை நீவிவிட்டு, பக்கத்தில் நரியைத் திறந்து வைத்தாள்.

சின்னவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவும் தாண்டிடுச்சு!"

"ஆமா. ஓடுதுல்ல?"

"அப்போ என் பூனையும் ஓடுதா?"

"எலியைப் பாத்திருக்கும்."

சின்னவள் நரிப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். விடுவதாக இல்லை.

குருவி கையிலிருந்த அட்டையை மறுபடி பைக்குள் போட்டாள்.

"அக்கா, இவ பேர்ல எழுதுங்க. அடுத்து என் பேரு."

பன்னிரண்டு மணிக்கு வண்டி வந்தது. முப்பது புத்தகங்கள் ஏறின.