இன்னும் வராத நாலாவது ஆள்

நியூயார்க்கில் அன்று காலையிலிருந்தே விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை. இரண்டு மணிக்கு நாடகம். டிக்கெட்டுகளை வசந்த காலத்திலேயே அம்மா வாங்கி வைத்திருந்தார், நான்கு பேருக்கு. கோடையில் அம்மா இறந்துபோனார்.

அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அதனால் நாடகத்துக்கு முன் எங்கே சாப்பிடுவது என்றே ஒரு வாரமாகப் பேசினார்கள். பெரும்பாலும் பெர்னிஸ் பெரியம்மாதான் பேசினார்.

"முட்டைதானே, எங்க சாப்பிட்டா என்ன?" என்றார் அப்பா.

"வெறும் முட்டையா? அங்க முட்டை மேல நுரை வைப்பாங்க, மோரி! பெரிய மனுஷங்க வர்ற இடம்."

"சோப்பு நுரையா பெரியம்மா?" என்று கேட்டாள் பத்து வயது ஹேட்டி.

அப்பா சிரிக்கவில்லை. கோடைக்குப் பிறகு அவர் சிரிப்பதே இல்லை.

ஞாயிறன்று, பெரியம்மா சொன்ன அந்த உணவகத்தின் வாசலில் கறுப்பு உடை அணிந்த ஒரு பெண், சொர்க்கத்தின் சாவி தன்னிடம்தான் இருப்பதுபோல் நின்றிருந்தாள்.

"நாலு பேர்னு பதிஞ்சிருக்கீங்க. மூணு பேர்தான் இருக்கீங்க. எல்லாரும் வந்தாத்தான் உள்ள உட்கார வைப்போம்."

பெரியம்மாவின் முகம் வெளுத்தது. பழக்கத்தில் நான்கு என்று சொல்லிவிட்டிருந்தார்.

"அவ... கொஞ்சம் லேட்டா வருவா," என்றார்.

மழையில் ஒதுங்கி நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் முன்னால் போனார்கள். அப்பா தன் காலணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நாலாவது ஆள் எங்க?" என்று அந்தப் பெண் மறுபடி வந்து கேட்டாள்.

"ரயில் நின்னுபோச்சாம்," என்றார் பெரியம்மா.

நேரம் ஓடியது. நாடகம் தொடங்கிவிட்டால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள். அம்மா ஆசையாக வாங்கிய டிக்கெட் வீணாகிவிடும். ஹேட்டி அந்தப் பெண்ணிடம் போனாள்.

"அம்மா வர மாட்டாங்க. செத்துப்போயிட்டாங்க. பெரியம்மா மறந்துட்டாங்க. நான்கூட சில நாள் நாலு தட்டு எடுத்து வச்சுடுவேன்."

பெரியம்மா ஹேட்டியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் சொர்க்கத்துச் சாவி எங்கோ விழுந்துவிட்டது.

"ஐயோ, கண்ணு! உங்களுக்கு இப்பவே ஒரு மேசை போடச் சொல்றேன்."

"வேண்டாங்க," என்றாள் ஹேட்டி. "எங்களுக்கு நிஜமாவே பசிக்குது."

தெருமுனையில் ஆவி படிந்த கண்ணாடியோடு ஒரு சின்னக் கடை இருந்தது. அங்கே ஒரு பணிப்பெண், காதில் செருகிய பென்சிலை எடுத்தபடி வந்தாள்.

"எத்தனை பேரு, செல்லம்?"

ஹேட்டி அப்பாவைப் பார்த்தாள். அப்பா முகத்திலிருந்த மழையைத் துடைத்தார். அது நிற்காமல் வழிந்தது.

"மூணு," என்றார்.

பொரித்த முட்டையும் உருளைக்கிழங்கும் உடனே வந்தன. பெரியம்மா தட்டை உற்றுப் பார்த்தார்.

"நுரையைக் காணோமே."

"சோப்பு கேட்டு வாங்கட்டுமா?" என்றார் அப்பா.

நாடகம் தொடங்கும் முன்பே போய்ச் சேர்ந்தார்கள். நாலாவது இருக்கையில் மூன்று நனைந்த கோட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தன.