ஸ்பிரிங் இல்லாத ஷட்டர்

ஷட்டருக்குக் கிரீஸ் போடச் சொன்னால் சந்தனம் பூசுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பசுவந்தனை ரோட்டில் பஞ்சு குடோன் வைத்திருக்கும் அழகிரிசாமி அதில் முதல் ஆள். நேரில் அண்ணாச்சி என்பேன். இங்கே மரியாதை கொடுக்க மனசில்லை.

வருஷப் பராமரிப்புக்குப் போனபோது உச்சி வெயில். ஷட்டர் மேலே சுருண்டு நின்றது. பக்கச் சட்டங்களில் சந்தனம், குங்குமம், காய்ந்த மாலை, எலுமிச்சம்பழம். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. ஏணி போட்டுப் பார்த்தேன். ஸ்பிரிங் அறுந்து துருவேறிக் கிடந்தது.

இவ்வளவு கனமான இரும்பு, ஸ்பிரிங் இல்லாமல் விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை.

"அண்ணாச்சி, ஸ்பிரிங்கு அத்துக் கெடக்கு. ஆளு மேல விழுந்தா அம்புட்டுதான்."

"விழாதுலே," என்றான். "பீடி குடிக்க வெளிய போகையில உச்சிமாகாளி இதுக்கு அடியிலதான மாட்டிச் செத்தான். அன்னைலருந்து அவன்தான் புடிச்சுக்கிட்டு நிக்கான். புது ஸ்பிரிங்கு தண்டச் செலவு."

செத்த கூலியாளிடமும் ஓசியில் வேலை வாங்குகிற ஜென்மம்! மனதுக்குள் காறித் துப்பினேன். பேயாவது பிசாசாவது என்று ஷட்டருக்குக் கீழே கால் வைத்தேன்.

ஷட்டர் ஒரு சாண் இறங்கியது.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது. பாரம் சுமக்கிறவன் வாங்குகிற மூச்சு.

துள்ளி வெளியே வந்தேன். அப்போது உள்ளே கூட்டிக்கொண்டிருந்த செல்வலட்சுமி குப்பைக்கூடையோடு வந்தாள். உச்சிமாகாளியின் மனைவி. ஷட்டர் தானாக மேலே ஏறியது. அழகிரிசாமி ஓடிவந்து அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்தான். திரும்பும்போதும் அப்படியே.

உச்சிமாகாளி தாங்குவது யாருக்காக என்று இந்த ஈனப் பயலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அவளிடம் மெல்லக் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்ணே. அவிய மூச்சு வாங்குதது தெனமும் கேக்கும். செத்தும் ஓய்வில்ல."

"நீ இங்க வேலைக்கு நின்னாதான அவரு சொமக்கணும்?"

அவள் என்னையே பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். தனியாக வெளியே வந்து, மேலே பார்த்தாள்.

"போதும். கையை எடுங்க."

"ஏட்டி! உள்ள வாட்டி!" என்று அழகிரிசாமி அலறினான்.

ஷட்டர் இறங்கியது. மூட்டையை இறக்கி வைப்பது போல, மெதுவாக.

கடப்பாரைக்கும் அது அசையவில்லை. குடோன் முதலாளி பின்பக்கக் காற்றுச் சந்து வழியாகப் பெருச்சாளி மாதிரி ஊர்ந்து வெளியே வந்து, புது ஸ்பிரிங் போடச் சொல்லி என் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

மறுநாள் ஸ்பிரிங்கோடு போனேன். குடோன் பூட்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. அழகிரிசாமி தெருவில் நின்று மோப்பம் பிடித்தான். முகம் வெளுத்தது.

"பஞ்சுக்குள்ள எவம்லே பீடி பத்த வச்சிருக்கான்?"

பூட்டிய ஷட்டரின் அடியிலிருந்து மெல்லிய புகை வந்துகொண்டிருந்தது.