ஊமை ஜோடி

"ஏங்க, ஒரே ஒரு 'ம்' சொல்லுங்க போதும். மேடு வந்துருச்சு."

இரண்டு ரயில் கூடுகளுக்கும் நடுவிலிருந்த சிறு கதவில் முகத்தை வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள் பிலோமினா. அந்தப் பக்கக் கூட்டில் அவள் கணவர் சவரியப்பன் ஜன்னலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மறதி நோய் முதலில் பெயர்களைத் தின்றது, பிறகு பேச்சையும் தின்றுவிட்டது. அவர் வாய் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மதுரையில் வைத்தியம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி அழைத்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

இப்போதெல்லாம் ரயிலில் ஆளுக்கொரு கூடு. சரமாகக் கோத்த கூடுகள் கரிசல்புரம் யார்டின் மேட்டில் ஏறும். உச்சியில் கொக்கி கழன்றதும் ஒவ்வொன்றும் தன் எடையாலேயே சரிவில் உருண்டு, தனக்கான தண்டவாளத்துக்குப் போய் வேறு வண்டியோடு சேர்ந்துகொள்ளும். எது எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது பிரிபொறி.

அந்தப் பொறிக்குத் தொழில் கற்றுக்கொடுத்ததே பிலோமினாதான். ஒரு காலத்தில் மேட்டின் மேலே நின்று குரல் கொடுத்தவள் அவள், கீழே கொக்கி கழற்றியவர் சவரியப்பன். கொக்கியைக் கழற்றுவது 'வெட்டு', சரிவில் விடுவது 'உருட்டு' என்று அவர்களுடைய யார்டு பாஷையைக் கேட்டுக் கேட்டே பொறி வளர்ந்தது. குடும்பக் கூடுகளைப் பிரிக்காமல் முதல் வண்டியில் அனுப்ப வேண்டும் என்பது விதி. நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? முன்பின் தெரியாதவர்கள் கணவன் மனைவி என்று பதிந்துகொண்டு முதல் வண்டியைப் பிடித்தார்கள். நிஜக் குடும்பம் வழியெல்லாம் சண்டை போடும், பொய்க் குடும்பம் வாயே திறக்காது என்று கண்டுபிடித்தவள் பிலோமினா. அப்படிப்பட்டவர்களுக்கு 'ஊமை ஜோடி' என்று பெயர் வைத்து, "ஒரு பக்கம் பேச்சு இல்லேன்னாலும் யோசிக்காத, வெட்டு" என்று பொறிக்குச் சொன்னவளும் அவள்தான்.

வெட்டினால் அவர் கூடு இடம் கிடைத்த வண்டியில் போகும். மதுரையில் கதவு தானாகத் திறக்கும். அவர் இறங்கி, கால் போன போக்கில் நடந்துவிடுவார். அதற்குப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

கட்டுப்பாட்டு அறைக்குப் பேசினாள். அங்கே வேலை பார்க்கும், பழைய பழக்கமுள்ள ஹேமலதா எடுத்தாள்.

"அக்கா, மனுஷங்க கை வச்சா சிபாரிசு நுழையுதுன்னு எங்க கையில ஒண்ணுமே விடல. நீங்க சொல்லிக்குடுத்தத அது அப்படியே செய்யுது. எப்படியாவது அண்ணனப் பேச வைங்கக்கா."

கோபத்திலாவது வாய் திறக்கட்டும் என்று, ஊரிலிருக்கும் சவரியப்பனின் தங்கையைத் திட்டிப் பார்த்தாள் பிலோமினா. அந்தக் காலமாயிருந்தால் ஊரே கூடியிருக்கும். அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. பிறகு அவளால் திட்டவும் முடியவில்லை, அழுகைதான் வந்தது.

கூடுகள் உச்சியில் நின்றன. ஒலிபெருக்கி கரகரத்தது.

"ஊமை ஜோடி. வெட்டு!"

அது அவளுடைய குரல். இளவயதில் பதிவு செய்ததை யாரும் மாற்றவே இல்லை. அறிவித்த பிறகு பொறி ஒரு மூச்சு நேரம் காத்திருக்கும். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து சின்ன முனகல் வந்தாலும் வெட்டாமல் விட்டுவிடும்.

சவரியப்பன் விருட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் உயிர் வந்தது. அங்கே இல்லாத கொக்கியை அவர் கை துழாவியது.

"கழட்டியாச்சு, பிலோ!"

யார்டே கேட்கும்படியான பழைய குரல். பேசிவிட்டார். அவள் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஏங்க!" என்று கத்திக்கொண்டு கதவில் கை வைத்தாள்.

பொறியும் அதைக் கேட்டது. வேறு எந்த வார்த்தையாக இருந்தாலும் நின்றிருக்கும். ஆனால் கொக்கிக்காரர் கழற்றியாச்சு என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எதையும் பார்க்கக் கூடாது, உடனே உருட்டு என்றுதான் அதற்குப் பாடம்.

கொக்கி கழன்றது. அவர் கூடு சரிவில் இறங்கியது. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது. வேலை சுத்தமாக முடிந்த திருப்தியோடு, மேட்டைப் பார்த்து அடுத்த பெட்டிக்குக் கை காட்டிக்கொண்டே போனார்.

அடுத்தது அவளுடைய கூடு. பொறி அதை வேறு தண்டவாளத்தில் உருட்டியது.